ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா? காலை அரட்டையில் ஓயாத கேள்வி

காலை ஓட்டம் தொடங்கும் முன், எல்லோரும் வந்து சேரும்வரை நடக்கும் பேச்சுக்கு எல்லையே கிடையாது. ராத்திரி பெய்த மழையில் மண் இறுகியிருக்குமா, குழைந்திருக்குமா? யாருடைய பிரேக் கீச்சிடுகிறது? இன்னும் வராதவன் எழுந்தானா இல்லையா? ஒருவர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே பேசுவார், இன்னொருவர் செயினுக்கு எண்ணெய் விட்டபடி பேசுவார். இதற்கு நடுவே புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, "அண்ணா, முதல் மவுண்டன் பைக் வாங்கப் போறேன். ஹார்ட்டெயில் வாங்கட்டுமா, ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கட்டுமா?" என்று கேட்டுவிட்டால், அன்றைக்கு ஓட்டம் தாமதம்தான்.

இதற்கு நண்பர்கள் சொல்லும் பதில்கள் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தன் சைக்கிளையும் தான் ஓட்டும் தடத்தையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறார். பாறை இறக்கத்தில் வாரா வாரம் இறங்குபவருக்குப் பின்னால் ஷாக் (அதிர்வைத் தாங்கும் பாகம்) இல்லாத சைக்கிள் என்பதே புரியாது. காட்டுப் பாதையில் நாள் முழுக்க மிதிப்பவருக்கு அந்த ஷாக் வீண் சுமை. அவரவர் தடத்தில் அவரவர் சரி. கேட்ட தம்பியோ வேறு தடத்தில், வேறு பட்ஜெட்டில், வேறு உடம்போடு ஓட்டப் போகிறான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சைக்கிள், பணம் ஒரு அளவுதான், ஓட்டப்போகும் தடம் கலவையானது என்றால் நல்ல ஹார்ட்டெயில்தான் என் பதில். ஓட்டத்தில் பெரும்பகுதி பாறையும் வேருமான இறக்கம், பராமரிப்புக்கு நேரமோ பணமோ ஒதுக்கவும் முடியும் என்றால் ஃபுல் சஸ்பென்ஷன். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

வித்தியாசம் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஹார்ட்டெயிலில் முன்னால் மட்டும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் இருக்கும், பின்பக்கம் ஃபிரேம் ஒரே துண்டு. ஃபுல் சஸ்பென்ஷனில் பின்சக்கரத்தைத் தாங்கும் பகுதி தனியாக மேலும் கீழும் அசையும், அந்த அசைவை ஒரு ஷாக் தாங்கும். எவ்வளவு தூரம் அசைகிறது என்பதுதான் டிராவல். ஏறவும் இறங்கவும் வேகமாக ஓட்டும் கிராஸ் கன்ட்ரி சைக்கிள்களில் 100 முதல் 120 மில்லிமீட்டர், ட்ரெயில் சைக்கிள்களில் 120 முதல் 150 வரை, கடினமான இறக்கத்துக்கான எண்டூரோவில் 150க்கு மேல், இறக்கத்துக்கு மட்டுமேயான டவுன்ஹில்லில் 200 அளவில் இருக்கும்.

இந்த விளையாட்டு சஸ்பென்ஷனே இல்லாமல் பிறந்தது. 1970களில் கலிபோர்னியாவின் டமல்பாயிஸ் மலையைச் சுற்றி நண்பர்கள் கூட்டம் ஒன்று பழைய கனமான சைக்கிள்களை மேலே கொண்டுபோய், மண் சாலையில் இறக்கி விளையாடியது. 1976இல் அது நேரம் குறித்து ஓட்டும் பந்தயமாகவே ஆனது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் என்பதால், சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்துபோகும். இறங்கி முடித்ததும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கான ஆர்எஸ்-1 வந்தது 1989இல்தான். அதற்கும் பிறகுதான் பின்பக்க ஷாக் பரவலானது. அதனால் பின்னால் ஷாக் இல்லாவிட்டால் காட்டுக்குள் போகவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே சமயம், அந்தக் காலத்தில் ஓட்டினார்களே என்பதற்காக இன்றைக்கு உள்ள வசதியை ஒதுக்கவும் வேண்டாம்.

இந்தச் சண்டையில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி 2012 லண்டன் ஒலிம்பிக்ஸின் ஆண்கள் கிராஸ் கன்ட்ரி பந்தயம். செக் குடியரசின் யாரோஸ்லாவ் குல்ஹாவி ஓட்டியது 29 அங்குலச் சக்கரமுள்ள ஃபுல் சஸ்பென்ஷன். சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்டர் ஓட்டியது 27.5 அங்குலச் சக்கரமுள்ள ஹார்ட்டெயில். இரண்டு விதத்திலும் எதிரெதிர் தேர்வு. கடைசிவரை ஒன்றாகவே வந்து, முடிவுக் கோட்டில் குல்ஹாவி ஒரு விநாடி வித்தியாசத்தில் தங்கம் வாங்கினார். நான்கு வருடம் கழித்து ரியோவில் தங்கம் ஷுர்டருக்கு, ஆனால் அப்போது அவர் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறியிருந்தார். உலகின் சிறந்த கால்களுக்கு நடுவே ஒரு தடத்தில் வித்தியாசம் ஒரு விநாடிதான் என்பதும் உண்மை. தடங்கள் கரடுமுரடாக ஆக ஆக, பந்தயக்காரர்கள் பின்பக்க ஷாக் பக்கம் நகர்ந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தடம்தான் முடிவு செய்கிறது என்பது தெரியும்.

ஏற்றத்தில்

காலைப் பேச்சில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம், ஏற்றத்தில் ஹார்ட்டெயில் நல்லது என்பது. அதுவே பாதிதான் சரி.

இறுகிய மண், தார், வழுவழுப்பான காட்டுச் சாலை: இங்கெல்லாம் ஹார்ட்டெயில் நல்லதுதான். மிதிக்கிற மிதி எதிலும் கரையாமல் சக்கரத்துக்குப் போகிறது. ஒரே மாதிரியான பாகங்களோடு ஒப்பிட்டால் ஒன்றரை, இரண்டு கிலோ எடையும் குறைவு. எழுந்து நின்று மிதித்தால் அது இன்னும் நன்றாகத் தெரியும். ஃபுல் சஸ்பென்ஷனில் ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் லேசாக அமுங்கி எழும். இப்போதைய நல்ல வடிவமைப்புகளில் இந்த ஆட்டம் மிகவும் குறைந்துவிட்டது, பலவற்றில் ஷாக்கை இறுக்கிக்கொள்ள ஒரு லீவரும் உண்டு. ஆனால் அந்த லீவரை இறுக்கிவிட்டு இறக்கத்தில் திறக்க மறப்பவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மண் தளர்ந்து, குறுக்கே வேர்கள் ஓடும் ஏற்றம் வந்ததும் கதை மாறிவிடும். ஈரமான வேர் ஒன்று தடத்துக்குக் குறுக்கே விரல் கடை உயரத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் அதில் முட்டியதும் சைக்கிள் மொத்தமும் மேலே தூக்கப்படுகிறது, சீட் தொடையில் இடிக்கிறது, ஓட்டுபவர் தன்னையறியாமல் எழுந்து முன்னால் சாய்கிறார். எடை முன்னால் போன அதே நொடியில் பின்சக்கரம் பிடிப்பை இழந்து வெறுமனே சுற்றுகிறது. கால் தரையில். அதே வேரில் ஃபுல் சஸ்பென்ஷனின் பின்சக்கரம் மட்டும் மேலே ஏறி இறங்குகிறது. உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே மிதிக்கிறார், டயர் மண்ணை விடுவதில்லை. எடை கூடுதலான சைக்கிள்தான், ஆனால் ஏறி முடித்தது அதுதான்.

அதனால் ஏற்றம் என்று பொதுவாகப் பேசாமல், எந்த ஏற்றம் என்று கேளுங்கள். உங்கள் தடத்தின் ஏற்றங்களில் பெரும்பகுதி சாலை போல இருந்தால் ஹார்ட்டெயிலுக்கு ஒரு ஓட்டு. வேரும் படிக்கட்டுப் பாறையுமாக இருந்தால், கனத்தைப் பார்த்து ஃபுல் சஸ்பென்ஷனைத் தள்ளிவிட வேண்டாம்.

இறக்கத்தில்

இங்கே ஃபுல் சஸ்பென்ஷன் முன்னால் நிற்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்குக் காரணமாக அரட்டையில் சொல்லப்படும் "சொகுசு" இரண்டாம்பட்சம். முதல் காரணம் பிடிப்பு. சின்னச் சின்ன மேடுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் பிரேக் பிடித்தால் ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரம் காற்றில் இருக்கும் நேரமெல்லாம் பிரேக் வேலை செய்யாது. அதனால் வேகம் குறைய வேண்டிய இடத்தில் குறையாமல் வளைவுக்குள் போய்ச் சேர்வோம். பின்பக்க ஷாக் சக்கரத்தைத் தரையோடு வைத்திருப்பதால் பிரேக்கும் வேலை செய்கிறது, வளைவும் நம் கையில் இருக்கிறது.

இரண்டாவது காரணத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. அது சைக்கிளின் சாய்வு. ஹார்ட்டெயிலில் ஃபோர்க் அமுங்கினால் முன்பக்கம் மட்டும் இறங்குகிறது, பின்பக்கம் அப்படியே இருக்கிறது. அப்போது ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க்கின் சாய்வுக் கோணம், நேராக நிமிர்கிறது. தோராயமாக 10 மில்லிமீட்டர் அமுங்கினால் அரை டிகிரி மாறும். 130 மில்லிமீட்டர் ஃபோர்க், நாம் ஏறி நின்றதுமே ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும். அதாவது 26 மில்லிமீட்டர், ஒரு டிகிரிக்கு மேல். பெரிய படியில் இறங்கும்போது ஃபோர்க் முழுதாக அமுங்கினால் இன்னும் பல டிகிரி. நாம் எந்த நேரத்தில் சைக்கிள் நிதானமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ, சரியாக அந்த நேரத்தில் அது முன்னால் குப்புறச் சாய்கிறது. ஃபுல் சஸ்பென்ஷனில் இரண்டு பக்கமும் சேர்ந்து அமுங்குவதால் இந்தச் சாய்வு அவ்வளவாக மாறாது. இறக்கத்தில் அது தரும் தைரியத்தில் பெரும்பங்கு இதிலிருந்து வருகிறது.

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு குறிப்பும் கிடைக்கிறது. ஹார்ட்டெயில் வாங்குபவர் நீளமான ஃபோர்க்கின் பின்னால் ஓட வேண்டாம். 120, 130 போதும். 150 மில்லிமீட்டர் ஃபோர்க் போட்ட ஹார்ட்டெயில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், நன்றாகத் தெரிந்தவர் கையில் அருமையாகவும் ஓடும். புதியவருக்கு அது முன்பக்கத்தின் தைரியத்தைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கத்தில் அடி வாங்க வைக்கும்.

அப்புறம் களைப்பு. ஹார்ட்டெயிலில் பின்பக்க ஷாக் வேலையை முழங்காலும் தொடையும் செய்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு அது சுகமான வேலை. மூன்றாவது மணி நேரத்தில், தொடை எரிந்துகொண்டிருக்கும்போது வரும் பாறை இறக்கத்தில், வழக்கமாகத் தாண்டுகிற கல்லைக்கூடத் தாண்ட முடியாமல் போகும். விழுவது பெரும்பாலும் அப்போதுதான். இடுப்பு வலி, முதுகு வலி உள்ளவர்கள் இதையே முதல் காரணமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கூட்டத்தின் மூத்தவர், "என் முதுகுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டீங்க, அதனால நான் ஃபுல் சஸ்பென்ஷன்தான் ஓட்டுவேன்" என்பார். அதற்கு மேல் அவரிடம் வாதம் செய்ய ஒன்றுமில்லை. அவர் சொல்வது சரி.

"ஹார்ட்டெயில்ல கத்துக்கிட்டாத்தான் ஓட்டத் தெரியும்"

இந்த வாசகம் வராத காலையே கிடையாது. இதில் உண்மை உண்டு. ஹார்ட்டெயில் தவறைத் தவறென்று உடனே சொல்லிவிடும். கல்லின் மேல் எடையை இறக்காமல் போனால் ரிம்மில் டங்கென்று சத்தம் கேட்கும். சீட்டில் கனமாக உட்கார்ந்தபடி வேரைத் தாண்டினால் இடுப்பு பதில் சொல்லும். கொஞ்ச நாளில் கண் தானாகவே தூரத்தில் தடத்தைத் தேட ஆரம்பிக்கும், கால்கள் தானாக மடங்கி நீளும். பின்னாளில் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறினாலும் இந்தப் பழக்கம் போகாது. லேசாக ஓட்டுகிறவர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவரிடம் இதைப் பார்க்கலாம்.

ஆனால் இதைச் சட்டமாக ஆக்குவதை நான் ஏற்கவில்லை. புதியவரை ஹார்ட்டெயிலோடு கடினமான பாறைத் தடத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் அவர் கற்றுக்கொள்வதில்லை, பயந்துபோகிறார். உடம்பு இறுகுகிறது, கை ஹேண்டில்பாரை நெரிக்கிறது, கண் முன்சக்கரத்தை விட்டு நகர்வதில்லை. சில வாரங்களில் காலையில் வருவதையே நிறுத்திவிடுவார். அப்படிப்பட்ட தடம் மட்டும்தான் பக்கத்தில் இருக்கிறது என்றால், அவருக்கு முதல் சைக்கிளே ஃபுல் சஸ்பென்ஷனாக இருப்பது நல்லது. கற்றுக்கொள்ள முதலில் மனசு தளர வேண்டும்.

கூட்டமாக ஓட்டுபவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கே இருக்கிறது. ஹார்ட்டெயிலில் இருப்பவர், முன்னால் போகும் ஃபுல் சஸ்பென்ஷன்காரரின் தடத்தை அப்படியே பிடித்துப் போகக் கூடாது. அவர் பாறைக் குவியலின் நடுவே நேராகப் போவார், அவர் சைக்கிள் தாங்கும். நமக்கு வழி ஓரமாக இருக்கும், வேகமும் வேறாக இருக்கும். முன்னால் போகும் நண்பர், "நான் போற லைன்ல வராத, இடது பக்கமா வா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனால் பல பஞ்சர்களும் சில தையல்களும் மிச்சம்.

பணமும் பராமரிப்பும்

பணத்தையும் பராமரிப்பையும் நான் அழுத்திச் சொல்லக் காரணம், முடிவு தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பின்பக்க ஷாக், பின்பகுதியை ஃபிரேமோடு இணைக்கும் லிங்கேஜ், பேரிங், கூடுதல் வெல்டிங் என்று ஃபுல் சஸ்பென்ஷனில் பணம் போகும் இடங்கள் அதிகம். அதே தொகைக்கு விற்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் வேறெங்காவது குறைத்தாக வேண்டும். குறைவது ஃபோர்க்கில், பிரேக்கில், கியரில், சக்கரத்தில். ஆகவே ஒரே தொகையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஹார்ட்டெயிலில் நல்ல ஃபோர்க்கும், நல்ல ஹைட்ராலிக் பிரேக்கும், சீட்டை விரலால் இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்ட்டும் கிடைத்துவிடும். ஃபுல் சஸ்பென்ஷனில் இந்த மூன்றிலும் ஏதாவது ஒன்றில் இடிக்கும். நல்ல பிரேக் இல்லாத ஷாக்கை விட, ஷாக் இல்லாத நல்ல பிரேக் எவ்வளவோ மேல்.

மிக மலிவான ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்களைப் பற்றி மட்டும் நான் தயங்காமல் வேண்டாம் என்பேன். அவற்றின் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். அமுங்கியது திரும்ப எழும்போது அதை மெதுவாக்கும் ரீபவுண்ட் டாம்பிங் இருக்காது. கடையில் கண்டுபிடிப்பது சுலபம். சீட்டை இரண்டு கையாலும் அழுத்திச் சட்டென்று விடுங்கள். அளவாக, அடங்கி எழுந்தால் சரி. கையைத் தட்டிவிட்டுப் பந்து போலத் துள்ளி எழுந்து, மறுபடியும் ஒருமுறை ஆடினால், அதைப் பாறைத் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். படியில் இறங்கும்போது பின்பக்கம் நம்மைத் தூக்கி முன்னால் எறியும்.

பராமரிப்புக்கு வருவோம். ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களையும் ஷாக்கின் ஏர் கேனையும் (காற்று அடைக்கும் உறை) ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது. அசைவை அடக்கும் உள்பாகமான டாம்பரைப் பிரிப்பது அதைவிட அரிது, ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும். வாரத்துக்கு மூன்று காலை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 50 மணி நேரம் வந்துவிடும். ஹார்ட்டெயிலுக்கும் ஃபோர்க் உண்டு என்பதால் அதுவும் இதிலிருந்து தப்பாது. ஃபுல் சஸ்பென்ஷனில் இந்த வேலை இரட்டிப்பாகிறது, அதற்கு மேல் பேரிங்குகள் வேறு. பெடல் அச்சுக்குப் பக்கத்தில், பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராகப் போய் விழும் இடத்தில் இருக்கும் பேரிங்குகள்தான் முதலில் போகும். வேகமான தண்ணீர்ப் பீச்சலை அந்த இடத்தில் காட்டினால் கிரீஸ் வெளியேறிச் சேறு உள்ளே போய்விடும். மெல்லிய தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்.

இந்த வேலை பிடிக்கும் என்பவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் போல்ட்டுகளைக் கழற்றித் துடைத்து, அளவாக இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப இறுக்குவது எனக்கும் பிடித்த வேலைதான். பிடிக்காதவர், பக்கத்தில் சஸ்பென்ஷன் சர்வீஸ் செய்யத் தெரிந்தவரும் இல்லாதவர் என்றால், ஃபுல் சஸ்பென்ஷன் ஒரு வருடத்தில் கிறீச்சிடும், இரண்டாம் வருடத்தில் ஆடும். பராமரிக்காத ஃபுல் சஸ்பென்ஷனை விடப் பராமரித்த ஹார்ட்டெயில் எல்லாத் தடத்திலும் நன்றாக ஓடும்.

நடுவழி: டயர்

முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் டயரைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஹார்ட்டெயிலின் பின்பக்கத்தில் உள்ள ஒரே சஸ்பென்ஷன் டயர்தான். ஃபிரேமில் இடமிருந்தால் 2.4 அங்குல டயர் போட்டு டியூப்லெஸ் ஆக்கினால், சைக்கிளே வேறாகிவிடும். டியூப் இருக்கும்போது காற்றைக் குறைத்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். அந்தப் பயத்தில் எல்லோரும் கல் மாதிரி காற்றடித்துவிட்டு ஹார்ட்டெயில் அடிக்கிறது என்று புலம்புகிறோம். டியூப் இல்லையென்றால் அந்தப் பயம் பெரிதும் குறையும். முள் குத்தினாலும் உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் என்ற திரவம் ஓட்டையை அடைத்துவிடும். 1999இல் மாவிக் நிறுவனம் தன் யுஎஸ்டி என்ற டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்ததிலிருந்து வளர்ந்து, இன்றைக்கு நல்ல சைக்கிள்களின் ரிம்கள் பெரும்பாலும் டியூப்லெஸ்ஸுக்குத் தயாராகவே வருகின்றன.

காற்று எவ்வளவு என்பதற்கு எடை, டயர், தடம் மூன்றையும் பார்க்க வேண்டும். சராசரி எடை உள்ளவர் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐயில் (காற்றழுத்த அளவு) தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்று ஒன்றாகக் குறைத்துப் பார்க்கலாம். ரிம் தரையில் இடித்தாலோ வளைவில் டயர் சுருண்டாலோ ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். காலையில் ஆளாளுக்கு எண் சொல்லிக்கொள்கிறோமே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு பம்ப்புகளின் மீட்டர் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம். ஒருவர் பம்ப்பின் 22 இன்னொருவர் பம்ப்பில் 25ஆக இருக்கலாம். எப்போதும் ஒரே மீட்டரை வைத்து அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். சீலன்ட்டும் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். ஊற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது.

இதோடு டிராப்பர் போஸ்ட்டும் இருந்தால் ஹார்ட்டெயிலின் குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கால்தான் ஷாக் என்றால், கால் மடங்க இடம் வேண்டும் அல்லவா? சீட் கீழே போனால்தான் அந்த இடம் கிடைக்கும்.

சக்கர அளவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 29க்கு 622 மில்லிமீட்டர், 27.5க்கு 584. பெரிய சக்கரம் கல்லின் மேல் சுலபமாக ஏறும் என்பதால் ஹார்ட்டெயிலுக்கு 29 பொருத்தம். உயரம் குறைந்தவர்களுக்கு மட்டும் பின்னால் 27.5 உள்ள சைக்கிள் இறக்கத்தில் சீட்டுக்குப் பின்னால் நகர இன்னும் கொஞ்சம் இடம் தரும். ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நண்பரின் சைக்கிளை ஓட்டிப் பார்ப்பது

கூட்டமாக ஓட்டுவதில் பெரிய வசதியே இதுதான். வாங்கும் முன், நண்பரோடு ஒரு தடம் முழுக்கச் சைக்கிளை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் சீட் உயரத்தை மட்டும் மாற்றிவிட்டு ஏறினால் அந்தச் சோதனை வீண். அவர் எடைக்கு வைத்த காற்று உங்களுக்குச் சரியாக இருக்காது. உங்களைவிட இருபது கிலோ கூடுதலான ஒருவரின் ஷாக் உங்களுக்குக் கட்டை போல இருக்கும், ஃபுல் சஸ்பென்ஷன் இவ்வளவுதானா என்று நினைத்துவிடுவீர்கள்.

ஷாக்கின் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதை மேலே தள்ளி சீலோடு ஒட்டி வையுங்கள். ஓட்டும்போது அணியும் எல்லாவற்றோடும், தண்ணீர்ப் பையோடும், மெதுவாக ஏறி ஓட்டும் நிலையில் நில்லுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். துள்ளாமல் இறங்கிப் பாருங்கள், வளையம் நகர்ந்த தூரம்தான் சேக் (sag), அதாவது நம் எடைக்கு ஷாக் அமுங்கும் அளவு. ஷாக்கின் ஸ்ட்ரோக்கில், அதாவது தண்டு அமுங்கக்கூடிய முழுத் தூரத்தில், 30 சதவீதம் இருக்கட்டும்; ஸ்ட்ரோக் 50 மில்லிமீட்டர் என்றால் அது 15 மில்லிமீட்டர். அதைவிடக் குறைவாக நகர்ந்திருந்தால் காற்றைக் குறைக்கவும், கூடுதலாக நகர்ந்திருந்தால் காற்றை ஏற்றவும் வேண்டும். ஃபோர்க்குக்கு 20 சதவீதத்தில் தொடங்கலாம். ஷாக் பம்ப் இருந்தால் ஐந்து நிமிட வேலை. திருப்பிக் கொடுக்கும்போது நண்பரின் அளவைத் திரும்ப வைக்க, அவருடைய பிஎஸ்ஐயை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது பிடித்த இடத்தை மட்டும் பார்க்காமல், உங்கள் வழக்கமான தடத்தில் எவ்வளவு தூரம் அந்த ஷாக் உண்மையாகவே வேலை செய்தது என்று பாருங்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் ஐந்து நிமிட இறக்கத்துக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது என்றால், மீதி ஐம்பத்தைந்து நிமிடம் அதைச் சுமந்துகொண்டு போகத் தயாரா என்பதுதான் உங்கள் கேள்வி. சிலர் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் காலையில் எழுகிறார்கள். அவர்கள் தயங்காமல் ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கலாம். அதிலும் 120 மில்லிமீட்டர் அளவில் ஒன்றே கலவையான தடங்களுக்குப் போதும். 160 மில்லிமீட்டர் எண்டூரோவை வாங்கிக்கொண்டு சமமான காட்டுப் பாதையில் நண்பர்களோடு சேர்ந்து வர முடியாமல் மூச்சு வாங்குவதில் சந்தோஷம் இல்லை.

பணம் ஹார்ட்டெயிலுக்கு, தடம் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு என்று இழுத்தால், ஓட்டிய சைக்கிள் ஒன்றை வாங்குவது நல்ல வழி. நன்றாகப் பார்த்துக்கொண்ட ஃபுல் சஸ்பென்ஷனாக இருந்தால் மட்டும். சீட்டைப் பிடித்துச் சற்றே மேலே தூக்கிப் பாருங்கள், சக்கரம் தரையை விடும் முன் லொடக்கென்று ஒரு ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது ஷாக் புஷ் தேய்ந்திருக்கிறது. பின்சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். லிங்கேஜ் இணையும் இடங்களிலும், பெடல் அச்சுக்குக் கீழேயும் ஃபிரேமில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கடைசியாக ஷாக்கின் தண்டைத் துடைத்துவிட்டு விரல் நகத்தால் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்தக் கீறல் சீலை அறுக்கும், காற்று நிற்காது. ஷாக்கைச் சரிசெய்ய அல்லது மாற்ற ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.